சாகாவரமும் சந்தை விலையும்

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மோட்டார் கார்களிலும் இப்படிச் சில யானைகள் உண்டு. 1961-ஆம் வருஷம் ஜினீவா கண்காட்சியில் அரங்கேறிய ஜாகுவார் 'ஈ-டைப்' வண்டி ஒன்று, வைக்கோல் கொட்டகையில் துருவேறி, டயர் இற்று, கோழி அடைகாக்கும் கூடாகக் கிடந்தாலும் சரி, அதை ஏலத்தில் எடுக்க நாலு பேர் பணப் பையுடன் வந்து நிற்பார்கள்.

அதே இங்கிலாந்தில், ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்து, உடம்பில் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வேறு சில பந்தயச் சாயல் கார்களும் உண்டு. வேகத்தில் குறைந்தவை அல்ல. அழகிலும் சோடை போனவை அல்ல. ஆனாலும் அவற்றில் ஒன்றை நல்ல நிலையில் வாங்க, ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைகூட வேண்டியதில்லை. ஜாகுவாரின் விலையோ அதைப்போல் பல மடங்கு.

இந்தப் பாரபட்சம் ஏன்? நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஸ்பானர் பிடித்துப் பழகியவன் அல்ல. ஆனால் ஒரு பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது, மெக்கானிக்கை விடக் கதாசிரியனைத்தான் அதிகமாக உறுத்தும் கேள்வி. ஆகையால் இந்த வண்டிகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அதில் கண்டதை வாசகர்களிடம் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கார்களின் உடம்பு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். கண்ணாடியை உருக்கி, தலைமயிரை விட மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைப் பாய்போலப் பரப்பி, மேலே ஒரு வகைப் பிசினைத் தடவி உலர விட்டால், கெட்டியாக இறுகிப்போகும். அதுதான் ஃபைபர்கிளாஸ். நம் கடற்கரைக் குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகும் இதே சரக்குதான். இரும்புத் தகட்டில் கார் செய்வதென்றால், தகட்டை அழுத்தி வளைக்கப் பிரம்மாண்டமான அச்சுகளும் யந்திரங்களும் வேண்டும். பல்லாயிரம் வண்டிகள் விற்றால்தான் கட்டுப்படியாகும். கண்ணாடி நாருக்கோ ஓர் அச்சு, ஒரு வாளி பிசின், சில தூரிகைகள், பொறுமையுள்ள இரண்டு ஆட்கள் போதும். ஐம்பது வண்டி செய்தாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. நல்ல கார்களெல்லாம் கப்பலேறி ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. ஆசையுள்ள வாலிபர்களிடம் பணம் இல்லை. அப்போதுதான் கண்ணாடி நார் கைகொடுத்தது. பிளாக்பூல் என்ற கடற்கரைப் பட்டணத்தில் டிரெவர் வில்கின்சன் தம் பெயரிலிருந்தே மூன்று எழுத்தைப் பிடுங்கி 'டி.வி.ஆர்.' என்ற காரை உண்டாக்கினார். வேல்ஸ் நாட்டில் கைல்ஸ் ஸ்மித் என்ற இறைச்சிக் கடைக்காரரும், பெர்னார்ட் ஃப்ரீஸ் என்ற ஜெர்மானிய எஞ்சினீயரும் கூட்டுச் சேர்ந்து, இருவர் பெயரையும் ஒட்டி 'கில்பர்ன்' என்ற காரை 1959-ல் வெளியிட்டார்கள். லண்டனில் காலின் சாப்மன் 'லோட்டஸ்' கம்பெனியை நடத்தினார். அவர் 1957-ல் காட்டிய 'எலீட்' காரில் உடம்பும் எலும்பும் ஒன்றே; அடியில் இரும்புச் சட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது.

இவர்களுக்குச் சர்க்காரே அறியாமல் ஓர் உபகாரம் செய்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கிப் புத்தகம் கொடுத்தால் வரிக்காரர் ஆட்சேபிப்பார். இதற்கு லோட்டஸ்காரர்கள் கண்டுபிடித்த யுக்தியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். வண்டியைக் கழற்றுவது எப்படி என்று விளக்கிப் புத்தகம் போட்டார்களாம். வாங்கினவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தால் கார் தயார்! இந்தச் சலுகை 1973 ஏப்ரல் மாதம் புதிய மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு தீர்ந்தது. அதே வருஷத்தின் பிற்பகுதியில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. கில்பர்ன் போன்ற சிறு ஸ்தாபனங்கள் மூச்சுத் திணறி மறைந்தன. அது செய்து முடித்த வண்டிகள் மொத்தமே சுமார் 1,000 தான்.

நம் கேள்விக்கு மிகவும் பொருத்தமான கதாநாயகன் டாம்வர்த் என்ற ஊரில் பிறந்தது. ரிலையன்ட் கம்பெனியை டாம் வில்லியம்ஸ் என்பவர் 1935-ல் தொடங்கினார். மூன்று சக்கர வண்டிதான் அதன் ஜீவனம். பாரம் குறைந்த மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் லைசென்ஸை வைத்துக்கொண்டே ஓட்டலாம் என்று பிரிட்டிஷ் சட்டம் சலுகை தந்திருந்தது. பாரத்தைக் குறைக்கக் கண்ணாடி நார் உதவியது. இதே கம்பெனி 1968-ல் 'ஸிமிட்டர் ஜி.டி.ஈ.' என்ற காரை வெளியிட்டது. ஸிமிட்டர் என்றால் வளைந்த வாள். ஓகிள் ஸ்தாபனத்தின் டாம் கேரன் அதற்கு உருவம் கொடுத்தார். ஃபோர்டு கம்பெனியின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். நாலு பேர் உட்காரலாம். பின் சீட்டுகளைத் தனித்தனியாக மடக்கிச் சாமான் ஏற்றலாம். மணிக்கு 190 கிலோமீட்டர் வரை பறக்கும். இளவரசி ஆனுக்கு 1970-ல் இந்தக் காரைப் பரிசளித்தார்கள். அந்த அம்மாள் அதன் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக ஸிமிட்டர்களையே வாங்கி ஓட்டினார். அரண்மனைக்குள் நுழைந்த கார்! ஆனாலும் ரொம்ப காலம் அதை மலிவுச் சரக்காகவே வைத்திருந்தது சந்தை.

இனி, குற்றவாளியைத் தேடுவோம். முதல் சந்தேகம் கண்ணாடி நாரின் மேல்தான் விழும். 'பிளாஸ்டிக் கார்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். ஆனால் இத்தாலிய ஃபெராரி கம்பெனி 1975-ல் வெளியிட்ட '308 ஜி.டி.பி.' கார்களில் முதல் சில நூறு வண்டிகளின் உடம்பு கண்ணாடி நார். 1977-ல் அது இரும்புத் தகட்டுக்கு மாறியது. இன்று எதற்கு விலை அதிகம் தெரியுமா? அந்தக் கண்ணாடி நார் வண்டிகளுக்குத்தான்! அமெரிக்காவிலும் இதே கதைதான். ஷெவர்லே கம்பெனி 1953-ல் கையாலேயே செய்த முதல் 'கார்வெட்' கார்கள் 300. அத்தனையும் வெள்ளை நிறம். அத்தனையும் கண்ணாடி நார். அவற்றுக்குப் பொன் விலை. 1979-ஆம் வருஷத்துக் கார்வெட்டும் கண்ணாடி நாரே. அதற்கு விலை கம்மி. அந்த ஒரே வருஷத்தில் 53,807 வண்டிகள் வெளிவந்தன என்பதும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் எஞ்சினின் பலம் குன்றியிருந்தது என்பதும் காரணம். ஆகவே சரக்கின் மேல் குற்றமில்லை. அதை விடுதலை செய்துவிடலாம்.

அப்படியானால் எண்ணிக்கையா? கார்வெட்டுக்கு அது சரி. கில்பர்னுக்கு? உலகத்துக்கே 1,000 வண்டிதான். பெயர் பெற்ற எத்தனையோ ஃபெராரிகளை விட அபூர்வம். விலையோ அடிமட்டம்.

எஞ்சினா? ஃபோர்டு காரிலும் வேனிலும் இருக்கும் எஞ்சினைப் பொருத்திய வண்டிக்கு என்ன கௌரவம் என்று கேட்பார்கள். லோட்டஸ் கம்பெனி 1962-ல் வெளியிட்ட 'இலான்' காரின் எஞ்சினுக்கும் அடிப்பாகம் ஃபோர்டுதான். கண்ணாடி நார் உடம்பு, ஃபோர்டு எஞ்சின், வீட்டில் பூட்டிக்கொள்ளும் வசதி, எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் இலானின் விலை உயரத்தில் நிற்கிறது. ஏன்? ஜிம் கிளார்க் என்ற வீரர் 1963-லும் 1965-லும் லோட்டஸ் பந்தயக் கார் ஓட்டி உலகப் பட்டம் வென்றார். இலானைப் பார்க்கிறவர் அந்த வெற்றியையும் சேர்த்தே பார்க்கிறார். ஸிமிட்டரைப் பார்க்கிறவருக்கு நினைவு வருவது வேறு. இங்கிலாந்தின் டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர் ஒன்றில் 1981 முதல் ஒரு மஞ்சள் நிற மூன்று சக்கர வேன் வந்து ஊரையே சிரிக்க வைத்தது. அதன் மூக்கிலும் ரிலையன்ட் என்ற பெயர். அண்ணன் கோமாளி வேஷம் கட்டினால் தம்பிக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் அல்லவா? அந்தக் கதைதான்.

குலம் கோத்திரம் பார்ப்பதில் மனிதர்கள் காரையும் விட்டு வைக்கவில்லை. ரிலையன்டின் இன்னொரு குழந்தையான 'கிட்டன்' என்ற சிறு கார், 1980-களில் பெங்களூரில் சிபானி கம்பெனியாரின் 'டால்ஃபின்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. உடம்பு பாரமில்லாததால் சென்னைக்கு அருகே சோழவரம் பந்தயத் திடலில் அது குதித்து ஓடியது. ஆனால் கடைத்தெருவில் மாருதியின் இரும்பு உடம்பை நம்பிய ஜனங்கள் இதை நம்பவில்லை.

பெயர் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட்டால் அது கதாசிரியனின் சௌகரியமான தீர்ப்பாகிவிடும். இரும்பாலான காரணமும் ஒன்று இருக்கிறது. எலீட்டைத் தவிர இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இரும்புச் சட்டம் உண்டு. மேலுடம்பு துருப்பிடிக்காது, சட்டம் துருப்பிடிக்கும். இரும்பு உடம்புக் கார் தன் நோயைக் கதவோரத்திலும் மட்கார்டிலும் செம்புள்ளியாகக் காட்டிவிடும். கண்ணாடி நார் கார் கடைசி வரை சிரித்த முகத்துடன் இருக்கும்; வெளியே பூச்சு, உள்ளே பூச்சி! உத்தரத்தைக் கறையான் அரித்த வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல. தவிர, இரும்பு உடம்பே மின்சாரம் திரும்பிப் போகும் பாதையாக இருக்கும். கண்ணாடி நாரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்புவதற்கென்று தனிக் கம்பி இழுக்க வேண்டும். கம்பியின் முனையில் பாசி பிடித்தால் விளக்கு அணையும். மேல்பூச்சில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிப்புகள் விழும். அவற்றைச் சுரண்டி, நிரவி, வர்ணம் அடிக்கக் கைத்தேர்ந்த ஆளின் பல நாள் கூலி ஆகும்.

இங்கேதான் 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கணக்கு வருகிறது. இலானுக்குச் சட்டம் இற்றுப்போனால், துத்தநாகம் பூசிய புதுச் சட்டம் போட்டு மீட்கிறார்கள். செலவழித்த பணம் வண்டி விலையில் திரும்பி வரும். ஸிமிட்டரையோ கில்பர்னையோ முழுக்கப் புதுப்பித்தால், செலவு விலையைத் தாண்டி ஓடிவிடும். விலை குறைவாக இருப்பதால் பழுது பார்ப்பதில்லை; பழுது பார்க்காததால் விலை ஏறுவதில்லை. செக்கு மாடு சுற்றுவதுபோல இது சுற்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. இரும்புக் கார்கள் கூட்டம் கூட்டமாகத் துருப்பிடித்துச் செத்ததால்தான் மிச்சமிருப்பவை அபூர்வமாயின. ஜனங்கள் இழந்ததை நினைத்து ஏங்கினார்கள், ஏக்கம் விலையாயிற்று. கண்ணாடி நார் உடம்புக்கோ சாவு இல்லை. சட்டம் இற்ற பிறகும் தோட்டத்து மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் காத்துக் கிடக்கிறது. கண்ணெதிரில் இருப்பவருக்காக யார் அழுவார்கள்? வீட்டில் திடமாக நடமாடும் பாட்டியின் அருமை நமக்குத் தெரிவதில்லை அல்லவா?

மலிவாக இருந்தால் என்ன மோசம் என்று கேட்கலாம். ஒரு விதத்தில் அது புண்ணியமே. பணக்காரர்கள் யானைகளை வாங்கிக் குளிரூட்டிய கொட்டகையில் பூட்டி வைக்கிறார்கள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியாரும், லேத் பட்டறைத் தொழிலாளியும் ஸிமிட்டரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மழையிலும் ஓட்டுகிறார்கள். கார் ஓடுவதற்காகப் பிறந்தது. இவர்கள் கையில்தான் அது ஓடுகிறது. ஆனால் அதே மலிவுதான் அதற்கு எமனும் ஆகிறது. எஞ்சினுக்கு ஒரு விலை, சக்கரத்துக்கு ஒரு விலை என்று கூட்டிப் பார்த்து, முழு வண்டியை விடத் துண்டு துண்டாக விற்பதே லாபம் என்று கண்டவர் அதை அறுத்துவிடுகிறார். கண்ணாடி நாரை இரும்புபோல உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. எஞ்சிய உடம்பு குப்பைக் குழிக்குத்தான் போகும்.

விலை ஏறினால் வண்டி பிழைக்கும். அதை நேசித்தவர்கள் கையை விட்டுப் போய்விடும். விலை ஏறாவிட்டால் அவர்கள் கையில் இருக்கும்; ஆனால் ஒவ்வொன்றாக மறையும். இந்தத் தர்மசங்கடத்துக்குச் சந்தையில் விடை கிடையாது. இங்கிலாந்தில் இந்தக் கார்களுக்கென்று சொந்தக்காரர் சங்கங்கள் இருக்கின்றன. கம்பெனி மூடின பிறகும் அவர்கள் பாகங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள்; கிடைக்காததைப் புதிதாகச் செய்விக்கிறார்கள்; ஒருவர் சட்டத்தை ஒட்ட இன்னொருவர் வெல்டிங் யந்திரத்தோடு வருகிறார். அவர்கள் பார்க்கும் கணக்கில் லாபம் என்ற பத்தியே இல்லை. யானைக்கு ஆயிரம் பொன் கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. யானையாகப் பிறக்காததைப் பிழைக்க வைப்பது இவர்களைப் போன்றவர்களால்தான் ஆகிறது.