முதற்காட்சி நாளின் பத்திரிகை

பழைய பத்திரிகைகளைத் தலையங்கத்துக்காகச் சேர்ப்பவர் உண்டு, சிறுகதைக்காகச் சேர்ப்பவர் உண்டு. நான் சேர்த்தவை படங்கள் வெளியான நாட்களின் பத்திரிகைகள். "நெல்லுக்குச் சாக்கு இல்லையெண்டு நாங்கள் அலையிறம், இவர் கடதாசிக்குப் பெட்டி தேடுறார்" என்று முரசுமோட்டையில் சிரிப்பார்கள். இரணைமடுத் தண்ணீரை நம்பி வாழும் ஊரில் அந்தச் சிரிப்பு நியாயமானதுதான்.

ஆனால் நேயர்களே, தமிழின் முதற் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' 1931 ஒக்ரோபர் 31ஆம் திகதி சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் நாயகி ரி. பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். அதன் சுருள் இன்று எங்கும் இல்லை. அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் 'சுதேசமித்திரன்' போன்ற பத்திரிகைகளின் குறிப்பும் விளம்பரமும் தந்தவையே.

நமது நாட்டுக் கதை இன்னும் துயரமானது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரி 21இல் வெளியானது. அதைத் தயாரித்த எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். படம் பிடிக்கப்பட்டதோ மதுரையில்! தமிழில் ஹென்றி சந்திரவன்சவின் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றரிலும், பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றரிலும் வந்தன. எதை முதற்படம் என்பது என்று வாதிடுவோர் உண்டு. இத்தகைய வழக்குகளில் நினைவை நான் நம்புவதில்லை. திகதியிட்ட பத்திரிகையையே சாட்சிக்கு அழைப்பேன்.

அந்தச் சாட்சிகளுக்கு என்ன நேர்ந்தது? 1981இல், மே முடிந்து யூன் பிறந்த அந்த நாட்களில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 'ஈழநாடு' பணிமனையும் எரிக்கப்பட்டது. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது பல படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. படமும் போயிற்று, படம் வந்ததென்று சொல்லும் தாளும் போயிற்று.

என் சேகரிப்பில் பாதி, கடைகளில் சரை சுற்ற நிறுத்து வாங்கிய கட்டுகளிலிருந்து மீட்டது. 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது, 'பொன்மணி' 1977இல், 'வாடைக்காற்று' 1978இல். இளவயதில் ஒரு மடத்தனம் செய்தேன். விளம்பரத்தை மட்டும் கத்தரித்து ஒட்டினேன். திகதி மேல் ஓரத்தோடு போயிற்று. பக்கத்திலிருந்த மரண அறிவித்தலும் மிளகாய் விலையும் போயின. எந்த விலைவாசியில், யார் இறந்த வாரத்தில் ஊர் படம் பார்த்தது என்பது அல்லவா சரித்திரம்! பிறகுதான் முழுத்தாளாக வைக்கப் பழகினேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. அவற்றில் சிலவும் பெட்டியில் இருந்தன. மரக்கூழ்த் தாள் தானாகவே மஞ்சளாகி நொறுங்கும். வன்னியிலோ கறையானும் கூட. வேப்பிலையை அடுக்கி வைத்துக் காத்தேன்.

2009 ஜனவரியில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நகர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியில் அரிசியும் பாயும் ஏறின. றங்குப்பெட்டிக்கு இடமில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, பெட்டியின் மூடி மட்டும் கிணற்றடியில் கிடந்தது.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் பழைய ஈழத்துப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கிறது. அண்மையில் அயல்வீட்டுப் பிள்ளை தன் தொலைபேசியில் ஒரு பழைய 'ஈழநாடு' தாளை விரித்துக் காட்டினான். நான் அன்று கத்தரித்த அதே விளம்பரம். மேலே திகதி இருந்தது. பக்கத்தில் மிளகாய் விலையும் இருந்தது.