படகில் வந்தோரும் நாமும்

ஜொகூரின் கீழ்க்கரையில், மெர்சிங் துறைக்கு அப்பால், புலாவ் தெங்கா என்றொரு சிறு தீவு உண்டு. இன்று அது செல்வர் நீராடிக் களிக்கும் உல்லாசத் தீவு. 1970களின் இறுதியிலோ, வியட்நாமினின்று உயிர்தப்பி வந்த மக்கள் ஒதுங்கிய முகாமாய் அது இருந்தது. அக்கதையை அறிந்தோர் நம்முள் சிலரே.

அம்மக்கள் யாவர்? 1975ல் போர் முடிந்தபின், புதிய ஆட்சிக்கு அஞ்சிய வியட்நாமியர் முதலில் வந்தனர். 1978 மார்ச்சு திங்களில் அவ்வரசு தென்பகுதியில் தனியார் வாணிபத்தை ஒழித்தது. அவ்வாணிபத்திற் பெரும்பகுதி சீனர் கையிலிருந்தது. சீன நாட்டோடு பகை முற்றவே, தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த சீனர், பிறப்பொன்றினாலேயே ஐயத்துக்குரியவராயினர். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வட எல்லையைக் கடந்து சீனம் புகுந்தனர். தெற்கிலிருந்தோர் பலர் பொன் கொடுத்துப் படகேறினர்.

கரை தேடி வந்தோரை நம் நாடு எவ்வாறு ஏற்றது? 1978 நவம்பரில் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்தை அடைந்த 'ஹாய் ஹோங்' கப்பலிலிருந்தோரைக் கரையிறங்க அரசு விடவில்லை. கனடா முதலிய நாடுகள் ஏற்க முன்வந்த பின்னரே அவர்களுக்கு விடிவு பிறந்தது. 1979ல் வந்த படகுகள் பல, கயிறு கட்டி மீண்டும் ஆழ்கடலுக்கு இழுத்து விடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் திங்களில், முகாம்களிலிருந்த 70,000க்கு மேற்பட்டோரையும் கப்பலேற்றி அனுப்பிவிடுவோமென்று, அந்நாளில் துணைப் பிரதமராயிருந்த மகாதீர் அறிவித்தார்.

அரசின் அச்சம் வெறும் கற்பனையன்று. 1969 கலவரத்தின் வடு ஆறாத காலம் அது. திரங்கானுவின் புலாவ் பிடோங்கில், சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில், ஏறத்தாழ 40,000 பேர் நெருங்கிக் கிடந்தனர். செல்வ நாடுகளோ தயங்கித் தயங்கியே ஆள் எடுத்தன.

அச்சத்தைத் தீர்த்தது எது? கடலில் தள்ளியதன்று, சுமையைப் பகிர்ந்துகொண்டதே. 1979 ஜூலை 20, 21 ஆகிய நாட்களில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. குடியேற்ற இடங்கள் 1,25,000லிருந்து 2,60,000ஆக உயர்ந்தன. கரையும் திறந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் மலேசியா வழியாகப் பிற நாடு சென்றனர். 1991ல் பிடோங் முகாம் மூடப்பட்டது. 2005ல் எஞ்சியிருந்த கடைசி வியட்நாமிய அகதியும் புறப்பட்டார்.

நிற்க. இது பழங்கதையென்று தள்ளிவிடலாமோ? 1982ல் பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் ரோஹிங்கியர் தம் மண்ணிலேயே நாடற்றவராயினர். அவருள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்திற் பதிவு பெற்றுள்ளனர். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ மலேசியா கையொப்பமிடவில்லை.

2021 பிப்ரவரி முதல் நாள் பர்மாவில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அத்திங்கள் 23ஆம் நாள், கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தும், 1,086 பேர் லூமுட் கடற்படைத் தளத்திலிருந்து பர்மியப் போர்க்கப்பல்களில் அனுப்பப்பட்டனர். அவருள் ரோஹிங்கியரோ அடைக்கலம் கோரியவரோ இல்லை என்றனர் அதிகாரிகள். துன்புறுத்தப்பட்ட சின், கச்சின் முதலிய சிறுபான்மையினரும் இருந்தனர் என்றன மனித உரிமைச் சங்கங்கள். எது மெய்யென்று யார் விசாரித்தனர்? நம் ஜொகூரின் பெக்கான் நெனாஸ் போன்ற தடுப்பு முகாம்களுள் அவ்வாணையத்தார் நுழைவது 2019 ஆகஸ்டிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. ஆராயாமல், 'இவருள் அஞ்சத்தக்கவர் எவருமில்லை' என்று எங்ஙனம் துணிவது?

நம்மவருள்ளும் சிலர் ரோஹிங்கியரை 'வந்தேறிகள்' என்று ஏசக் கேட்கிறோம். 'பெண்டாத்தாங்' என்னும் அதே ஏச்சு நம்மீதும் வீசப்பட்டதன்றோ? 1969ல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமைத் தாள் இன்மையால், பால் மரத்தடியிலேயே வாழ்நாளைக் கழித்த நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறியதை மறந்தோமா? தாளில்லாதவனை மனிதனல்லாதவனாக எண்ணும் கொடுமையை நாம் ஏட்டிற் படித்தறிந்தோமல்லோம், வீட்டிற் கண்டறிந்தோம்.

வந்தோர் அனைவரையும் என்றென்றும் வைத்துக்கொள்க என்று யாரும் கேட்கவில்லை. வழக்கைக் கேளாமல், வதைத்தவன் கையிலேயே ஒருவனை ஒப்படைக்கலாகாது என்பதே கேள்வி. அதற்குச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தைக் கேட்கும் குரல்களில், ஒருகால் தாளின்றித் தவித்தோரின் மக்களாகிய நம் குரலும் இருத்தல் வேண்டும்.