தூஃபானும் தண்ணீரும்

அரபு மொழியில் ‘தூஃபான்’ என்பது பெருவெள்ளத்தைக் குறிக்கும் சொல். பாரசீகத்தின் வழியே இந்தியத் துணைக்கண்டத்திற்கு வந்தபோது அது புயற்காற்று என்னும் பொருளையும் ஏற்றது. வங்காளிகளும் புயலை அப்பெயரால் வழங்குவதுண்டு. வெள்ளத்திற்கும் காற்றிற்கும் ஒரே சொல்லா என்று வியப்பவர்கள், வங்கக் கடலின் வடகரை வரலாற்றை ஒருமுறை படித்தால் அவ்வியப்பு நீங்கப் பெறுவர். அங்கே காற்று கூரைகளைச் சாய்க்கிறது; உயிர்களைக் கொண்டு செல்வது தண்ணீரே. அதுவும் இருமுறை வருகிறது. முதலில் கடலலையாக, பின்னர், பிழைத்தவர்கள் அருந்தும் குடிநீராக.

இவ்விரண்டாம் சாவைப் பற்றியே நாம் இங்கு எழுத விழைகிறோம். புயலைப் பற்றிய மக்கள் நினைவில் முதற் சாவே நிலைத்து நிற்கிறது. ஆனால், மனிதனின் கை முதலில் எட்டித் தடுத்தது இரண்டாவதைத்தான்.

1876ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு, மேக்னா ஆற்றின் கழிமுகத்தில் பெரும் புயலொன்று கரையேறியது. பாகர்கஞ்ச், நவகாளி மாவட்டங்களின் தாழ்ந்த நிலங்களும் தீவுகளும் நீருள் ஆழ்ந்தன. கடல் 40 அடி வரை எழுந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. அலைக்கு இரையானோர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவர். அத்துடன் முடியவில்லை. மக்கள் குடித்து வந்த குளங்களில் உப்பும் அழுக்கும் புகுந்தன. வேறு நீர் இல்லாமையால் அதையே அள்ளிக் குடித்தனர். அடுத்து வந்த மாதங்களில் காலராவும் பிற நோய்களும் பசியுமாக ஏறக்குறைய இன்னும் ஒரு லட்சம் பேரைக் கொண்டு சென்றன. கடல் ஓர் இரவில் செய்ததை நோய் சில மாதங்களில் செய்து முடித்தது.

துர்நாற்றக் காற்றே நோயைச் சுமந்து வருகிறது என்பது அந்நாளைய மருத்துவர் பலரின் கருத்து. லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854லேயே குடிநீரைச் சுட்டிக் காட்டியிருந்தும் அக்கருத்து எளிதில் மாறவில்லை. 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக். அக்கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து உடலின் நீரை வடித்து விடுகிறது என்பதை, அதே கல்கத்தாவில் 1959இல் சம்புநாத் டே நிறுவினார். நோயாளி நஞ்சினால் எரிந்து சாவதில்லை. நீர் வற்றிச் சாகிறான். வடிந்த நீரை மீட்டுக் கொடுத்தால் அவன் பிழைப்பான்.

இந்த உண்மையைச் செயலாக்கியதும் அந்தக் கரைதான். 1960இல் டாக்காவில் காலரா ஆராய்ச்சிக் கூடமொன்று தொடங்கப்பட்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தால், சர்க்கரையின் துணையால் குடல் உப்பை ஈர்க்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. நோயின் உச்சத்திலும் இவ்வழி அடைபடுவதில்லை. டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் ஆகியோர் இதனை 1968இல் அங்கே நோயாளிகளிடம் மெய்ப்பித்துக் காட்டினர்.

ஈராண்டுகளில் மீண்டும் கடல் எழுந்தது. 1970 நவம்பர் 12, ரமலான் மாதத்து இரவு. போலாப் புயல் என வரலாறு அதனைப் பதிவு செய்துள்ளது. மாண்டோர் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை எனக் கணிக்கின்றனர். அக்கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சோமர், வைலி மோஸ்லி ஆகியோர் கரையோரக் கிராமங்களில் ஆய்வு நடத்தி, 1972இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இறந்தோரில் பாதிக்கு மேல் பத்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆடவரைவிடப் பெண்களே மிகுதியாக இறந்திருந்தனர். பிழைத்தோர் பலரின் மார்பிலும் கைகளிலும் தொடைகளிலும் தோலுரிந்த காயங்கள். இரவு முழுதும் மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்ததன் தழும்புகள் அவை. எல்லோரும் அஞ்சிய கொள்ளைநோயோ எழவில்லை. புயலுக்குப் பின் கொள்ளைநோய் வந்தே தீரும் என்பது விதியன்று என இதனால் விளங்கியது.

இங்கே நம் சமுதாயம் ஊன்றிக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மய்யித்துகளால் நோய் பரவும் என்ற அச்சத்தில், பெயரும் அறியாமல், உறவினர் முகமும் காணாமல், உடல்களைப் பெருங்குழிகளில் இட்டு மூடும் வழக்கம் பேரிடர்தோறும் நிகழ்கிறது. காலராவால் இறந்தவரின் உடலைக் கையாளும்போது தனி எச்சரிக்கை தேவை என்பது மெய்யே. ஆனால், நீரில் மூழ்கி இறந்தோரின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான முடிவு. ஆகவே அடையாளம் காணவும், ஜனாஸாத் தொழுகை நடத்தவும், முறைப்படி அடக்கவும் நோயச்சம் தடையாக வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, உயிரோடிருப்பவர்களின் கழிவு கலந்த குடிநீரைத்தான்.

1971இல் போரினால் அகதிகளானோர் எல்லை கடந்து வந்தபோது, போன்காவ் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் பீப்பாய்களில் உப்புச் சர்க்கரை நீரைக் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினரையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்கிற்கும் குறைந்தது. 1980 முதல் பத்தாண்டுகளில் ‘பிராக்’ என்னும் வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு நடந்தே சென்று, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்களுக்கு இம்மருந்தைச் செய்யக் கற்றுக் கொடுத்தனர்.

1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். வயிற்றுப்போக்கு பரவவே செய்தது; ஆனால் 1876ஐப் போல் லட்சம் உயிர்களை அது கொள்ளவில்லை. இரண்டாம் சாவு பெரும்பாலும் தோற்கடிக்கப்பட்டிருந்தது. எஞ்சியது முதற் சாவு. கற்கட்டடங்களை அடைந்தவர் அனைவரும் பிழைத்தனர் என்றும், அடையாதவரில் நூற்றுக்கு 22 பேர் மாண்டனர் என்றும் ஆய்வொன்று கண்டது. மாண்டவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர் உண்டு. அந்நிய ஆடவர் நிறைந்த இடத்திற்குச் செல்ல நாணித் தயங்கியவரும் உண்டு. பின்னர் புயற்காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறைகள் அமைந்தன. எச்சரிக்கை செய்யப் பெண் தொண்டர்களும் வந்தனர். 2007இன் சித்ர் புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர். கடல் மாறவில்லை, கரையிலுள்ளோர் மாறினர்.

அதே கடல்தான் நம் ஊர்களின் கரையையும் தொடுகிறது. 1964இல் தனுஷ்கோடியும், 2018இல் நாகப்பட்டினமும் வேதாரண்யமும் அதன் சீற்றத்தைக் கண்டன. எச்சரிக்கை வந்தவுடன், ஆண்களின் வரவை எதிர்நோக்காது பெண்களும் பிள்ளைகளும் காப்பகம் செல்ல இசைவு ஒவ்வோர் இல்லத்திலும் முன்னதாகவே இருத்தல் வேண்டும். மூடிய பாத்திரத்தில் நல்ல நீரும், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவும் உடன் செல்லட்டும். அலை வடிந்தபின் காய்ச்சாத நீர் எவர் வாயிலும் படவேண்டாம். வங்கத்து மக்கள் நூறாண்டுகளுக்கு மேல் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது. நாம் அதனை விலையின்றிப் பெறுகிறோம்.