கருவிழிமேல் வில்லையும் சுண்ணாம்புத் தூசியும்

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால், கண் நோய்க்கு அவ்வட்டாரத்தார் நாடத்தக்க பெருநகராகத் திருச்சியே விளங்கியது. ஜோசப் கண் மருத்துவமனை அங்கு 1934இல் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் ஒட்டுவில்லை, வெண்விழிவரை பரவிய கனத்த கண்ணாடிக் கிண்ணமாகவே இருந்தது. கருவிழியை மட்டும் மூடும் கடின நெகிழி வில்லையை அமெரிக்கரான கெவின் டூவி 1948இல் உருவாக்கினார்; எனினும், இரத்தக் குழாய்கள் இல்லாத கருவிழி காற்றிலிருந்தே பெறும் உயிர்வளியை அது தடுத்தது. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில், மகனின் விளையாட்டு உதிரிப்பாகங்களால் அமைத்த பொறியில் நீரை உறிஞ்சும் மென்வில்லையை வார்த்தெடுத்தார்.

சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் நிறைந்த அரியலூரில் கடினவில்லைக்கும் மென்வில்லைக்கும் உள்ள வேறுபாடு நடைமுறை சார்ந்தது: சிறிய கடினவில்லையின் அடியில் தூசி எளிதில் புகுந்து கருவிழியைக் கீறும்; கருவிழியின் விளிம்பைத் தாண்டிப் படியும் மென்வில்லை தூசியை ஓரளவு தடுப்பினும், புகையையும் வேதிப்பொருளையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலும், 1994இல் மதுரையில் ஆராயப்பட்ட 434 கருவிழிப்புண் நோயாளிகளுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் முன்னரே கண்ணில் காயம்பட்டவர்கள். வயல்வேலையில் வைக்கோலும் மண்ணும் பட்டு நேரும் காயங்கள் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவிடுகின்றன. ஆகவே அறுவடைக்களத்திலும் கல் உடைக்குமிடத்திலும் எவ்வகை வில்லையினும் பக்கமறைப்புள்ள காப்புக்கண்ணாடியே ஏற்றது.