சிங்கப்பூரில் கட்டடக்கலைக் கல்வியும் கோபுரக் கலையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரில் கட்டடக்கலையும் காண்கலை அறிமுகமும் உயர்கல்விப் பாடங்களாக நிலைபெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. அதே நகரில் தமிழர் எழுப்பிய கோயில்களின் வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு நீள்கின்றது. பல்கலைக்கழகம் வளர்த்த கட்டடக் கல்வியும் சிற்பிகள் வழிவழியாகக் காத்த கட்டட அறிவும் ஒரே நகரில் தனித்தனி வழிகளில் சென்றதன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விரு வழிகளும் கூடத்தக்க இடம் தொடக்கநிலைப் பாடமே என்பது நம் கருத்து.

கல்விக்கூடங்களுக்கு முன்

1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை இத்தீவில் செங்கற்சூளை நிறுவிக் கட்டட ஒப்பந்தக்காரராக விளங்கினார். அவர் முயற்சியால் 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த மாரியம்மன் கோயில் 1843-இல் செங்கற்கட்டடமாயிற்று. இன்றுள்ள கோபுரம் 1925-இல் அமைந்து, 1960-களில் விரிவாகச் சீர்செய்யப்பட்டது.

1856-இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயக் கட்டுமானத்தில் இந்தியக் கைதிகள் உழைத்தனர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த சென்னைச் சுண்ணச்சாந்து அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. இவ்வறிவு ஏட்டில் இல்லை, கையிலேயே இருந்தது. வடிவமைத்த மக்ஃபர்சனின் பெயரை வரலாறு அறியும். சாந்து அரைத்தவர், பூசியவர் பெயர்களை அது குறித்துவைக்கவில்லை.

பல்கலைக்கழகப் பாடங்களின் தோற்றம்

கட்டடக்கலைப் பாடம் 1958-இல் சிங்கப்பூர்ப் பலதொழில் கல்லூரியில் தொடங்கி, 1969-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. அப்பல்கலைக்கழகம் 1980-இல் நன்யாங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. 2022 முதல் கட்டடக்கலைத் துறை அங்குள்ள வடிவமைப்பு, பொறியியல் கல்லூரியின் பகுதியாக இயங்குகின்றது.

கலை வரலாற்றுப் பாடத்தின் போக்கு இவ்வளவு சீரானதன்று. அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் 1955-இல் கலை அருங்காட்சியகம் ஒன்றை நிறுவியது. மைக்கேல் சலிவன் அதனைப் பேணியதோடு கலை வரலாறும் கற்பித்தார். 1956-இல் அங்கேயே இந்திய ஆய்வியல் துறையும் தோன்றியது. 1959-இல் இந்திய அரசு வழங்கிய கலைப்பொருள்கள் அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. ஒரே வளாகத்தில் இந்திய மொழியும் வரலாறும் ஒரு துறையிலும், இந்தியச் சிற்பம் மற்றோரிடத்திலும் கற்போர் கண்முன் இருந்த காலம் அது.

அக்காலம் நீடிக்கவில்லை. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூர் சென்றது. 1963 முதல் அருங்காட்சியகப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் வில்லெட்ஸ் 1973-இல் விலகினார். அதன்பின் அருங்காட்சியகம் முன்போல் இயங்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் மீண்டும் உருப்பெற்றது 1997-இல்தான். சலிவனிடம் பயின்ற கலை வரலாற்றாசிரியர் தி. க. சபாபதி பின்னர்க் கட்டடக்கலைத் துறையிலேயே கலை வரலாறு கற்பித்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சிங்கப்பூரில் இப்பாடம் விரைந்து எழுந்து நெடுங்காலம் சரிந்த வரலாற்றை அவர் 2010-இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

காண்கலைப் பயிற்சியைப் பொறுத்தவரை, லிம் ஹாக் தாய் 1938-இல் தோற்றுவித்த நன்யாங் நுண்கலைக் கழகமும், ஜோசப் மெக்னாலி 1984-இல் தோற்றுவித்த லாசால் கலைக் கல்லூரியும் முதன்மையானவை. இவை இணைந்து அமைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பென்கூலன் தெருவிலும் மெக்னாலி தெருவிலும் உள்ள இவ்விரு வளாகங்களிலிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தே செல்லலாம்.

இருவகை அளவுகள்

தொடக்கநிலை மாணவர் தளப்படம், வெட்டுமுகம், முகப்புத் தோற்றம் ஆகியவற்றை அளவுப்படி வரையப் பயில்வர். சிற்பிக்கும் அளவே அடிப்படை. எனினும், அவருடைய அளவு உருவத்திற்குள்ளேயே பிறப்பது. முக நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு முழு உருவத்தையும் அவர் வகுப்பார். விமானத்தை அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்னும் ஆறு உறுப்புகளாகக் காண்பார்.

இவ்வறிவைக் கல்லூரிப் பாடமாக்கும் முயற்சி தமிழகத்தில் 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கியது. அங்குள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய வை. கணபதி ஸ்தபதி, பரம்பரை அறிவைப் பாடத்திட்டமாக வகுத்தவர்களுள் ஒருவர். சிங்கப்பூரின் கட்டடக்கலைப் பாடம் அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்தது. ஒன்று மரபைக் கல்லூரிக்குள் கொணர்ந்தது. மற்றொன்று புதிய நகரைக் கட்டுவோரை உருவாக்கியது. தமிழகச் சிற்பிகளோ சிங்கப்பூருக்குத் திருப்பணிக்காக வந்து, பணி முடிந்ததும் ஊர் திரும்பினர்.

லிட்டில் இந்தியா என்னும் பாடநூல்

1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீடுகளின் முகப்புகளும், தமிழர் 'அஞ்சடி' என வழங்கும் நடைபாதைகளும் பேணப்படுகின்றன. 1978-இல் தேசிய நினைவுச்சின்னமான சீனிவாசப் பெருமாள் கோயிலும், டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் அவ்வட்டாரத்தில் உள்ளன. 2015-இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இந்தியப் படிக்கிணற்றின் வடிவைத் தன் முகப்பில் ஏற்றுள்ளது. மரபு இக்காலக் கட்டடத்திற்கு உதவும் என்பதற்கு இதுவே சான்று.

கடைவீட்டைப் போல் கோபுரம் மாறாது நிற்பதில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கிற்கு முன் சுதையுருவங்கள் செப்பனிடப்பட்டு வண்ணம் பெறுகின்றன. மாரியம்மன் கோயிலில் 2010-இலும் 2023-இலும் குடமுழுக்கு நிகழ்ந்தது. வழிபாட்டு மரபுக்கு இப்புதுப்பித்தல் இன்றியமையாதது. ஆயினும், முந்தைய சிற்பியின் கைத்திறன் அடுத்த பூச்சின் கீழ் மறைகின்றது. வரைந்து வைக்காதது மீண்டும் காணக் கிடைப்பதில்லை.

முடிவுரை

ஆகவே, தொடக்கநிலை மாணவர் ஒவ்வொரு திருப்பணிக்கும் முன்னர்க் கோபுரத்தின் ஒரு நிலையையேனும் அளந்து வரைதல் வேண்டும். திருப்பணிக்கு வரும் சிற்பியிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டெழுதுதல் வேண்டும். அவர் பெயரையும் பதிதல் வேண்டும். மாணவர் தமிழறியாதவராயின் அப்பெயர்களை விளக்குதல் தமிழாசிரியர் கடனாகும். பயிற்சி வகுப்பிற்கு இது சில நாள் வேலையே. ஆயினும், 1950-களில் ஒரே வளாகத்தில் அருகருகே இருந்து பின்னர்ப் பிரிந்த மொழிக் கல்வியும் கலைக் கல்வியும் மீண்டும் சேர்ந்து உழைக்க இஃது ஒரு வாய்ப்பாகும். அடுத்த குடமுழுக்கிற்கு முன் இப்பணி தொடங்குவது நலம்.