நெற்றி-பொட்டுமடல் மறதிநோய்

நெற்றி-பொட்டுமடல் மறதிநோய் என்பது மூளையின் நெற்றிமடலும் பொட்டுமடலின் முன்பகுதியும் படிப்படியாகச் சிதைவதால் உண்டாகும் நோய்த்தொகுதி ஆகும். மறதிநோய் எனப் பெயர் பெற்றிருப்பினும், இதன் நடத்தைசார் வகையில் முதலில் கெடுவது நினைவாற்றல் அன்று. பிறர் துன்பத்தை உணரும் பரிவும் இடமறிந்து நடக்கும் பண்புமே முதலில் குன்றுகின்றன. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவதால், நோய் என்று ஐயுறுவதற்கு முன்பே "ஆள் குணம் மாறிவிட்டது" எனச் சுற்றத்தார் முடிவு கட்டிவிடுவதுண்டு.

பிராகா நகர மருத்துவர் ஆர்னால்ட் பிக் 1892 ஆம் ஆண்டில் இத்தகைய மூளைத்தேய்வை முதலில் விவரித்தார். இதனால் நெடுங்காலம் இது பிக் நோய் என அழைக்கப்பட்டது. அலாய்சு ஆல்சைமர் தம் பெயரால் வழங்கும் நோயைப் பற்றி உரையாற்றியது இதற்குப் பின், 1906 இல் ஆகும்.

மூளையில் நிகழ்வன

டௌ அல்லது டிடிபி-43 எனும் புரதங்கள் உருக்குலைந்து நரம்புக் கலங்களில் திரள்வது இந்நோயர் பெரும்பாலோரிடம் காணப்படுகின்றது. முதலில் தாக்கப்படும் பகுதிகளுள் முன் இன்சுலாவும் முன் சிங்குலேட் புறணியும் அடங்கும். உடலின் உள்நிலையை உணர்ந்து, எதிரில் நடப்பவற்றுள் எது இப்போது கவனிக்கத்தக்கது என்று தேர்ந்தறியும் பிணையத்தின் மையங்கள் இவை. இங்குள்ள, கதிர்க்கோல் வடிவிலான வான் எக்கோனமோ கலங்கள் இந்நோயில் தெரிந்தெடுத்தாற்போல் அழிகின்றன என்பது 2006 இல் அறியப்பட்டது.

எனவே நோயருக்கு எதிரே இருப்பவர் அழுவது கண்ணுக்குத் தெரியும். அது உள்ளத்தைத் தொடுவதில்லை. ஆல்சைமர் நோயிலோ நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது. பேரனின் பெயரை மறந்த மூதாட்டியும் வாசலில் வந்தவரை "வாங்க" என்று வரவேற்பார், வீட்டில் ஒருவர் கலங்கினால் தாமும் கலங்குவார். ஆல்சைமர் நோயரிடம் பிறர் உணர்ச்சி தொற்றிக்கொள்வது மிகுவதாக 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வேறுபாடு நோயைப் பிரித்தறியப் பெரிதும் உதவுகின்றது.

2011 இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நெறிகளின்படி, கட்டுப்பாடு இழத்தல், ஈடுபாடின்மை, பரிவின்மை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், உணவுப் பழக்க மாற்றம் (குறிப்பாக இனிப்பு வேட்கை), திட்டமிடும் திறன் குறைதல் ஆகிய ஆறனுள் மூன்றேனும் இருந்தால் இந்நோய் இருக்கக்கூடும் எனக் கொள்ளப்படும்.

காவிரிப் படுகைச் சூழலில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் வேளாண்மை இடைவிடாத திட்டமிடலைக் கோருவது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12 ஐ ஒட்டிக் குறுவைக்கு நாற்றுவிடுவது, முறைப்பாசனத்தில் தன் முறையைத் தவறவிடாதிருப்பது, அறுவடைக்கு ஆள் பேசுவது, கூட்டுறவுக் கடனை நினைவில் வைப்பது என யாவும் நெற்றிமடலின் வேலைகளே. ஆதலால் இங்கு நோய் வயலில் முதலில் தெரியக்கூடும். நினைவு நன்றாக இருக்கும்; ஆனால் விதைநெல்லை விற்றுவிடுவார், கேட்டவருக்கெல்லாம் பணம் கொடுப்பார்.

அடுத்துத் தெரிவது ஊர்ப் பழக்கத்தில். துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டில் சிரிப்பது, பந்தியில் அடுத்தவர் இலையில் கைவைப்பது, சம்பந்தியைக் கூட்டத்தில் இழிவாகப் பேசுவது போன்றவை எளிதில் மன்னிக்கப்படுவன அல்ல. நோயருக்குத் தம் மாற்றம் தெரிவதில்லை என்பதால் அவர் வருந்தவும் மாட்டார். பழி பெரும்பாலும் குடிமீதோ செய்வினைமீதோ விழுகின்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் குணசீலம் கோயிலில் மனநோயரை 48 நாள் தங்கவைத்து வழிபடும் மரபு நெடுங்காலமாக உண்டு. வழிபாட்டால் தீங்கில்லை. அதற்காக மூளைப் படமெடுப்பு தள்ளிப்போவதுதான் இழப்பு. 1959 இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது.

கண்டறிதலில் மற்றொரு இடரும் உண்டு. எழுத்தறிவை வேண்டும் நினைவுச் சோதனைகளில் பள்ளி செல்லாதவர் நலமாயிருந்தும் தோற்பர். இக்குறையைக் களையச் சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திய 10/66 குழு, கல்வி வேறுபாட்டால் பாதிக்கப்படாத முறைகளை உருவாக்கியது. நெற்றி-பொட்டுமடல் நோயரோ தொடக்கத்தில் நினைவுச் சோதனையில் தேறிவிடுவர். ஆகவே உடன் வாழ்பவரின் கூற்றே மருத்துவருக்கு முதன்மைச் சான்று. 2023 இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு வகை மறதிநோய் உள்ளது. நகரைவிட ஊர்ப்புறத்தில் இது மிகுதி.

சொத்தும் சட்டமும்

நோயர் கையெழுத்திட்ட கிரயப் பத்திரமே பல குடும்பங்களில் முதல் பேரிடி. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதனைப் புரிந்து தம் நலனை எடைபோடும் தெளிவு இருக்கவேண்டும் என்கிறது. தெளிவாகப் பேசும் ஒருவருக்கு அத்தெளிவு இல்லை எனப் பின்னாளில் மெய்ப்பிப்பது கடினம். எனவே நோய் அறியப்பட்ட நாளின் மருத்துவப் பதிவு இன்றியமையாதது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டுப் பெற்ற சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், 60 வயதைக் கடந்தவர் 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23 ஆம் பிரிவின்கீழ்த் தீர்ப்பாயத்தை அணுகலாம். தெளிவு உள்ளபோதே பிரதிநிதி ஒருவரைப் பெயர் குறித்துவைக்க 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வழிசெய்கின்றது. அது மருத்துவ முடிவுகளுக்கு மட்டுமே, நிலத்துக்கன்று.

பராமரிப்பு

இந்நோயைத் தடுத்துநிறுத்தும் மருந்து இல்லை. ஆல்சைமர் நோய்க்குத் தரப்படும் டொனெப்பசில் இதில் பயன் தருவதில்லை. நடத்தையை மோசமாக்கவும் கூடும். சில மனச்சோர்வு மருந்துகள் கட்டுப்பாடின்மையைச் சற்றுத் தணிக்கும். நோயருடன் வாதிடுவதாலோ வெட்கப்படுத்துவதாலோ பயன் விளைவதில்லை. வங்கிக் கணக்கு, வாகனச் சாவி, பூச்சிமருந்து ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாமல் வைப்பதே முதலில் செய்யத்தக்கது.