சீதாவாக்கை கைவிட்ட கடற்றளபதிகள்

அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரிப் பாதையில் செல்பவருக்கு இருமருங்கும் இறப்பர்த் தோட்டங்களே தெரியும். ஆங்கிலேயர் அந்த இறப்பரை நடுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசம் சீதாவாக்கை இராச்சியம். இன்றைய சபரகமுவவின் பெரும்பகுதி அதன் ஆட்சியில் இருந்தது. கடலோடிகளான முஸ்லிம் தளபதிகள் இருவரின் வரலாறு, கடலே தெரியாத இந்த மலையடிவாரத்தில்தான் முடிந்தது.

1521இல் கோட்டை இராச்சியம் மூன்று சகோதரர்களிடையே பிரிந்தது. கோட்டையில் அமர்ந்த புவனேகபாகு போர்த்துக்கேயரின் துணையை நாடினான். சீதாவாக்கையின் மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் உதவியைக் கேட்டான். சாமூதிரியின் கப்பல்களை நடத்தி வந்தவர்கள் மரைக்கார்கள். வேகமான சிறு படகுகளைக் கொண்டு போர்த்துக்கேயரின் பெருங்கப்பல்களை அலைக்கழித்தவர்கள் அவர்கள்.

1538இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் மார்ட்டிம் அபொன்சோ டி சூசா அவர்களது படையை முறியடித்தான். ஆயினும் அவர்கள் ஓயவில்லை. மீண்டும் இலங்கைக்கு வந்தனர். 1539இல் மிகுவேல் பெரெய்ரா படையுடன் வந்தபோது மாயாதுன்னை சமாதானம் வேண்டினான். அதற்கு விலையாகக் கேட்கப்பட்டவை மரைக்கார் தலைவர்களின் தலைகள். முதலில் மன்னன் தயங்கியதாகப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். முடிவில் தலைகள் அனுப்பப்பட்டன. மலபாரின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய 'துஹ்பதுல் முஜாஹிதீன்' இலங்கையில் நிகழ்ந்த அந்த மரணங்களைக் குறிப்பிடுகின்றது.

அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். நம்பி வந்தவர்களின் உயிரைவிட அரசவைக்கு அன்றைய வசதி பெரிதாயிற்று, அவ்வளவுதான். இதன் விலையைச் சீதாவாக்கை பிற்பாடு கொடுத்தது. மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் 1559இல் முல்லேரியாவில் போர்த்துக்கேயரைத் தரையில் வென்றான். ஆனால் 1587-88இல் கொழும்பைப் பெரும்படையுடன் முற்றுகையிட்டும் அவனால் அதைக் கைப்பற்ற முடியவில்லை. கோவாவிலிருந்து உணவும் படையும் கடல்வழியே கொழும்புக்கு வந்து சேர்ந்தன. அந்த வழியை அடைக்கத்தக்க கடல்வலிமை அவனிடம் இருக்கவில்லை.

கள்ளிக்கோட்டையும் இதே பாடத்தைப் படிக்கவில்லை. நான்காம் குஞ்ஞாலி மரைக்காரின் செல்வாக்கு வளர வளர, சாமூதிரியின் அரசவையில் ஐயமும் வளர்ந்தது. 1600இல் சாமூதிரியும் போர்த்துக்கேயரும் சேர்ந்து அவரது கோட்டையை வளைத்தனர். உயிருக்கு உறுதி பெற்றுத் தன் மன்னனிடம் சரணடைந்தவரைப் போர்த்துக்கேயர் பிடித்துச் சென்று கோவாவில் சிரச்சேதம் செய்தனர்.

போர்த்துக்கேய ஏடுகள் இம்மனிதர்களைக் கடற்கொள்ளையர் என்றே பதிந்தன. பகைவன் அப்படி எழுதுவதில் வியப்பில்லை. அவர்கள் யாருக்காகப் போரிட்டார்களோ, அந்த மன்னர்களே அவர்களை விலைப்பொருளாக்கியதுதான் பெருந்துயரம். சபரகமுவவின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களின் வெற்றிகளோடு 1539இன் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.